பாரிசவாதத்துக்குப் பிறகு சமநிலையும் நடையும்: வீட்டுக்காரர் கேட்கிற கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் போய் இயன்மருத்துவம், அதாவது பிசியோதெரபி, செய்கிறவன் நான். மோட்டார் சைக்கிளை ஒழுங்கையில் விட்டுவிட்டுக் கேற்றைத் திறக்கும்போது ஒரு கேள்வி வரும், தேத்தண்ணி குடித்து முடிக்கும்போது இன்னொன்று வரும், இரவு கனடாவிலிருந்து மகன் போன் எடுத்து அந்த இரண்டையும் திரும்பக் கேட்பார். எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் என்பதால் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். பாரிசவாதம், பக்கவாதம், ஸ்ட்ரோக் மூன்றும் ஒன்றுதான்: மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ போவது. உங்களுடைய ஆளை நேரில் பார்த்த டொக்டரோ இயன்மருத்துவரோ சொன்னதற்கு மாறாக இங்கே ஏதாவது இருந்தால் அவர்கள் சொன்னதையே செய்யுங்கள்.

அப்பா திரும்ப நடப்பாரோ?

முதல் கேள்வி எப்போதும் இதுதான், அதுவும் அப்பாவுக்குக் கேட்கிற தூரத்தில் நின்று கேட்பார்கள். தயவுசெய்து விறாந்தைக்கு வந்து கேளுங்கள்.

பெரும்பாலானவர்கள் ஏதோ ஒரு விதத்தில் நடக்கிறார்கள். டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் 804 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 1995இல் வெளியிட்ட ஆய்வில், உயிர் தப்பியவர்களில் 64 சதவீதமானோர் சிகிச்சை முடியும்போது தாங்களாகவே நடந்தார்கள், 14 சதவீதமானோர் ஆள்துணையோடு நடந்தார்கள், மிச்சம் 22 சதவீதமானோருக்கு நடை வரவில்லை. அதே ஆய்வில் நூற்றுக்கு 95 பேர் தாங்கள் அடையக்கூடிய நல்ல நடையை முதல் 11 கிழமைக்குள் எட்டிவிட்டார்கள். அதனால்தான் முதல் மூன்று மாதத்தை வீணாக்காதீர்கள் என்று நச்சரிக்கிறோம்.

உங்கள் அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னால் நான் காலை மட்டும் பார்க்க மாட்டேன், இடுப்பையும் பார்ப்பேன். முதல் இரண்டு மூன்று நாளுக்குள் கட்டில் ஓரத்தில் எதையும் பிடிக்காமல் அரை நிமிடம் இருக்க முடிகிறதா, ஏலாத கால் கொஞ்சமாவது அசைகிறதா? இந்த இரண்டும் இருந்தால் ஆறு மாதத்தில் தனியாக நடக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்று நெதர்லாந்தில் செய்த ஆய்வொன்று காட்டியது. இல்லாவிட்டால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை, முதலில் இருக்கப் பழக்குவதில் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்போது எழுப்பி நடத்தத் தொடங்குவது? கெதியாகத் தொடங்கினால் கெதியாகச் சுகம் வரும்தானே?

அப்படித்தான் நாங்களும் நினைத்தோம். பிறகு 5 நாடுகளில் 56 வைத்தியசாலைகளில் 2104 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து 2015இல் முடிவு வந்தது. முதல் 24 மணித்தியாலத்துக்குள்ளேயே எழுப்பி நிறைய நேரம் நிற்கவும் நடக்கவும் வைத்தவர்களில் 46 சதவீதமானோர் மூன்று மாதத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள், வழக்கமான வேகத்தில் போனவர்களில் 50 சதவீதம். அதாவது அவசரப்பட்டது கொஞ்சம் கெடுத்திருக்கிறது. அந்த ஆய்வைத் திரும்பத் தோண்டிப் பார்த்தபோது, கொஞ்ச நேரம், ஆனால் அடிக்கடி எழும்பியவர்களே நன்றாக இருந்தார்கள்.

ஆகவே வாட்டில் முதல் நாள் அவர்கள் சொல்லும்வரை நீங்களாக எழுப்பாதீர்கள், ஒரு நாளுக்குப் பிறகு டொக்டர் சரி என்றதும் ஐந்து பத்து நிமிடமாக நாளைக்குப் பல தடவை. ஒரேயடியாக ஒரு மணித்தியாலம் வேண்டாம்.

காலில் பலம் இருக்கிறது, படுத்தபடி உதைக்கிறார். நின்றால் ஏன் விழுகிறார்?

நிற்பது பலத்தின் வேலை மட்டுமில்லை. நீங்கள் மேசையில் இருக்கிற கோப்பையை எடுக்கக் கை நீட்டுகிறீர்கள் என்று வையுங்கள், கை அசைவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்பே உங்கள் காலும் முதுகும் இறுகி உடம்பைப் பிடித்து வைத்துவிடும், உங்களுக்கே தெரியாது. பாரிசவாதத்துக்குப் பிறகு இந்த முன்னேற்பாடு பிந்துகிறது. கை போய்விடும், கால் பிறகுதான் விழித்துக்கொள்ளும். இதோடு பாதம் எங்கே இருக்கிறது, முழங்கால் மடிந்திருக்கிறதா நீட்டியிருக்கிறதா என்று மூளைக்குப் போகும் செய்தியும் சிலருக்கு அறுந்து போயிருக்கும். கண்ணை மூடச் சொன்னால் ஆடத் தொடங்குவார்கள். பல் தீட்ட, முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடும்போது விழுகிற ஆட்கள் இவர்கள்தான்.

இன்னொன்று, நான் பார்த்தவரை இதுதான் பெரிய விஷயம்: சுகமான கால் எல்லா வேலையையும் தானே எடுத்துக்கொள்கிறது. ஒருமுறை நிறை பார்க்கிற தராசை ஏலாத காலுக்குக் கீழே வைத்து, மற்றக் காலுக்குக் கீழே அதே உயரத்துக்கு இரண்டு கொப்பி அடுக்கி, ஒரு ஐயாவை நிற்க வைத்தேன். அறுபது கிலோ மனிதர், தராசு 14 காட்டியது. அவருக்கோ இரண்டு காலிலும் சமமாக நிற்கிற எண்ணம். மகள் முள்ளைப் பார்த்துவிட்டு, "அப்பா, வாடகை வீட்டில இருக்கிற மாதிரி நிக்கிறியள்" என்றாள். அந்தத் தராசையே பயிற்சியாக்கினோம். 20, பிறகு 25 என்று முள்ளைப் பார்த்துப் பார்த்துச் சாய்ந்தார். ஏலாத காலை நம்பி உடம்பைக் கொடுக்கப் பழகுவதுதான் சமநிலைப் பயிற்சி.

நடக்கவே வைக்காமல் கதிரையிலிருந்து எழும்பி இருக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களே?

நிறையப் பேருக்கு இதில் என்மேல் கோபம். காசு கொடுத்துக் கூப்பிட்டால் வந்து கதிரையைக் காட்டுகிறான் என்று ஒரு மாமி நேரேயே சொன்னா. ஆனால் எழும்பத் தெரியாதவர் நடந்து என்ன செய்வது? மலசலகூடத்துக்கு நடந்து போய் அங்கிருந்து எழும்ப ஆள் கூப்பிட வேண்டும். எழும்புவதற்குத் தேவையான தொடைப் பலம், முன்னால் சாயும் துணிவு, இரண்டு காலிலும் பாரம் வைப்பது எல்லாம் நடைக்கும் தேவையானவைதான்.

செய்கிற விதத்தைச் சொல்கிறேன். கையுள்ள உறுதியான கதிரை, பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், அது வழுக்கி மனிதரையும் கொண்டு போகும். கதிரையின் முதுகைச் சுவரோடு முட்ட வையுங்கள். அவர் முன்விளிம்புக்கு நகர வேண்டும். இரண்டு பாதமும் முழங்காலுக்கு நேர் கீழே இல்லாமல் இன்னும் கொஞ்சம் பின்னால், குதி நிலத்தில் பதிந்தபடி. முடிந்தால் ஏலாத பாதத்தை மற்றதைவிட ஒரு விரற்கடை பின்னால் வையுங்கள், அப்போது பாரம் தானாக அந்தப் பக்கம் போகும். இரண்டு கையையும் கோத்து முன்னால் நீட்டச் சொல்லுங்கள். இனி மூக்கு கால் பெருவிரலுக்கு மேலே வரும்வரை குனிய வேண்டும். இங்கேதான் எல்லோருக்கும் பயம், முகம் அடிபட விழுந்துவிடுவோம் என்று பின்னால் சாய்ந்து காலைத் தள்ளுவார்கள், பின்னால் சாய்ந்தபடி எவராலும் எழும்ப ஏலாது, உங்களாலும் ஏலாது, இப்போதே செய்து பாருங்கள். நீங்கள் அவருக்கு முன்னால் ஒரு முக்காலியில் இருந்து, அவருடைய ஏலாத முழங்காலை உங்கள் முழங்காலால் மெல்லத் தடுத்துக்கொண்டால் அந்தப் பயம் பாதி போய்விடும்.

எழும்பியதும் மூன்று வரை எண்ணி நிற்கவும். பிறகு இருப்பது. தொப்பென்று விழாமல் ஐந்து எண்ணும் நேரம் எடுத்து மெல்ல இருக்க வேண்டும், பலம் கூடுவது இந்த இறக்கத்தில்தான், ஆனால் எல்லாரும் விட்டுவிடுவதும் இதைத்தான்.

எழும்ப ஏலாதவருக்குக் கதிரையில் தலகணி போட்டு உயர்த்துங்கள். இலகுவானதும் ஒவ்வொன்றாக எடுங்கள்.

நாளைக்கு எத்தனை தரம்?

பத்துத் தரம் செய்துவிட்டுக் களைத்துப் படுப்பது போதாது. காலை, மதியம், பின்னேரம் என்று மூன்று நான்கு வேளையாகப் பிரித்து வேளைக்கு எட்டுப் பத்து, ஒரு கிழமையில் கூட்டிக்கொண்டு போங்கள். மூளை புதிய வழி போடுவது எண்ணிக்கையால்தான். பனங்காணியில் ஒற்றையடிப்பாதை ஒருநாள் நடந்தா உண்டாகிறது? நான் செய்யச் சொல்வது: கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. வெளிநாட்டுப் பிள்ளைகள் வட்ஸ்அப்பில் "எக்சர்சைஸ் செய்தனியளோ?" என்று கேட்டால் "ஓம் ஓம்" என்று சொல்வதை விட அந்தத் தாளைக் கமராவுக்குக் காட்டலாம்.

எழும்பி இருப்பது இலகுவாகிய பிறகு அடுத்தது குசினி மேடையைப் பிடித்து நிற்பது, பின்னால் கதிரை. பக்கத்துக்குப் பக்கம் சாய்வது, ஒரு கை விட்டு நிற்பது, மேலே அலுமாரியில் இருந்து தேயிலைப் பேணியை எடுத்து வைப்பது. பிறகு முன்னால் ஒரு சீமெந்துக் கல்லை வைத்து சுகமான காலை அதன்மேல் தூக்கி வைக்கச் சொல்வேன். ஏன் சுகமான கால் என்று கேட்பார்கள். அது மேலே போனால்தானே மற்றது தனியாக நின்று உடம்பைத் தாங்க வேண்டிவரும்.

பிடித்து நடத்துவது எப்படி? அண்ணாவும் நானும் இரண்டு கமக்கட்டிலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

அதை இன்றோடு விடுங்கள். கமக்கட்டில் தூக்கினால் அவர் நடக்கவில்லை, நீங்கள் சுமக்கிறீர்கள். அதைவிட மோசம், ஏலாத தோளைச் சுற்றியுள்ள தசை தளர்ந்து கிடக்கும், கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு குழியை விட்டு இறங்கும். பிறகு அந்தத் தோள் நோவு மாதக்கணக்கில் போகாது, இரவில் நித்திரையும் இல்லை. நான் பார்த்த மோசமான தோள்கள் எல்லாம் அன்பான பிள்ளைகள் இழுத்ததால் வந்தவை.

ஏலாத பக்கத்தில், அரை அடி பின்னால் நில்லுங்கள். ஒரு கை அவருடைய இடுப்பில். சாறத்தைப் பிடிக்காதீர்கள், அது கழன்றுவிடும், கெட்டியான அகலப் பட்டி ஒன்றை இடுப்பில் கட்டிப் பிடிக்கலாம். மற்றக் கையை அவர் நெஞ்சுக்கு முன்னால் தொடாமல் வைத்திருங்கள், தேவைப்பட்டால் மட்டும் தொடுவது. சொல்வதும் ஒரே ஆள் சொல்ல வேண்டும். ஒருவர் "காலைத் தூக்குங்கோ" என்கிறார், இன்னொருவர் "நேர பாருங்கோ" என்கிறார், மூன்றாவது ஆள் போனில் வீடியோ எடுக்கிறார். எந்தச் சொல்லைக் கேட்பது?

நடந்தபடி கதைப்பதையும் கவனியுங்கள். ஏதாவது கேட்டால் பதில் சொல்ல அவர் நின்றுவிடுகிறாரா? அப்படியென்றால் நடை இன்னும் முழுக் கவனத்தையும் தின்கிறது என்று அர்த்தம், அந்தக் காலத்தில் நடக்கும்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம். நடந்துகொண்டே ஊர்ப்புதினம் கதைக்க வந்தால் நல்ல முன்னேற்றம்.

பொல்லு எந்தக் கையில்?

சுகமான கையில். பொல்லு, பிறகு ஏலாத கால், பிறகு சுகமான கால். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வருகிற உயரம்தான் பொல்லின் உயரம். தாத்தாவின் பழைய பொல்லைக் கொடுக்காதீர்கள், தாத்தா உயரமான ஆள். அடியில் றப்பர் தேய்ந்திருந்தால் மாற்றவும், ரைல்ஸில் தேய்ந்த றப்பர் சவர்க்காரம் மாதிரி. நாலுகால் பொல்லு தொடக்கத்தில் நல்லது, வேகமாக நடக்கத் தொடங்கியதும் நாலு காலும் ஒன்றாகத் தரையில் படாமல் ஆடும், அப்போது சாதாரண பொல்லுக்கு மாறலாம். இரண்டு கையும் தேவைப்படும் வாக்கர், ஒரு கை பிடிக்கவே ஏலாதவருக்குச் சரிவராது. பிள்ளைகள் அனுப்பிவிட்டார்கள் என்பதற்காகப் பாவிக்க வேண்டாம்.

படி?

ஏறும்போது சுகமான கால் முதலில், இறங்கும்போது ஏலாத கால் முதலில். கைப்பிடி இல்லாத படியில் தனியாக வேண்டாம்.

பாதம் இழுபடுகிறது, பெருவிரல் நிலத்தில் தட்டுகிறது.

கணுக்காலைத் தூக்கும் தசை வேலை செய்யவில்லை. அதனால் காலை வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டு வீசி நடப்பார்கள். இதற்கு முழங்காலுக்குக் கீழே, காலின் பின்பக்கமாகப் பாதம்வரை வரும் பிளாஸ்டிக் தாங்கி உண்டு. சரியாக அளவெடுத்துச் செய்தால் அன்றைக்கே நடை மாறுவதைப் பார்க்கலாம். சிலர் அதைப் போட்டால் கால் சோம்பேறியாகிவிடும் என்று கழற்றி வைக்கிறார்கள். தாங்கி இல்லாமல் ஒன்றும் நடக்காமல் இருப்பதைவிட அதைப் போட்டுக்கொண்டு ஒழுங்கை முடக்குவரை நடப்பது நல்லது. கழற்றியதும் தோலைப் பாருங்கள், சிவந்த அடையாளம் இருபது நிமிடத்தில் போகாவிட்டால் தாங்கியைத் திருத்த வேண்டும். சலரோகம் உள்ளவருக்கும் பாதத்தில் உணர்வு குறைந்தவருக்கும் இது கட்டாயம், புண் வந்த பிறகே தெரியவரும்.

அப்புறம் செருப்பு. பின்பட்டி இல்லாத றப்பர் செருப்பு பாரிசவாதக்காரருக்கு எதிரி. அது கழன்று போகாமல் இருக்க விரலைக் கௌவிக் கௌவி நடப்பார்கள், கணுக்கால் இன்னும் இறுகும். பின்னால் பட்டி உள்ள சன்டில்ஸ் அல்லது கன்வஸ் சப்பாத்து போடுங்கள்.

கெண்டைக்கால் இறுகிக் குதி நிலத்தில் படவே மாட்டேன் என்றால் அது வேறு பிரச்சினை. நின்றபடி இழுவைப் பயிற்சி, தேவையென்றால் தசையைத் தளர்த்தும் ஊசி. அதை நிபுணர்தான் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

அம்மா ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகிறா. நிமிர்த்தினால் கத்துகிறா.

சிலருக்கு எது நேர் என்கிற கணக்கே மூளையில் மாறிவிடும். சரிந்து இருப்பது அவவுக்கு நேராகத் தெரியும், நீங்கள் நேராக்கினால் விழுத்தப் பார்க்கிறீர்கள் என்று சுகமான கையால் எதிர்த்துத் தள்ளுவா. பிடிவாதம் என்று நினைத்து ஏசாதீர்கள். தள்ளித் திருத்தாமல், கண்ணால் பார்க்க வையுங்கள்: கதவு நிலை, தூண், சுவரில் நேராகத் தொங்கும் கலண்டர். "அந்தத் தூணோட நேரா வாங்கோ." சுகமான பக்கம் சுவரை வைத்து, "தோளால சுவரைத் தொடுங்கோ" என்றால் தானாக வருவா. இது பெரும்பாலும் மாதங்களில் குறையும்.

இடப்பக்கமே இல்லை என்பது போல் நடப்பவர்களும் உண்டு, கோப்பையின் இடப்பாதிச் சோற்றை அப்படியே மிச்சம் விடுவார்கள், இடப்பக்கக் கதவுநிலையில் முட்டுவார்கள். அவர்களை இடப்பக்கம் நின்று கூப்பிடுங்கள், சாப்பாட்டையும் அந்தப் பக்கம் இருந்து கொடுங்கள். தெருவில் தனியாக விட வேண்டாம்.

வீட்டில் என்ன மாற்ற வேண்டும்?

கிணற்றடியில் தொடங்குங்கள். மாரியில் பாசி பிடித்த சீமெந்து, வாளித் தண்ணீர், குனிந்து வார்க்கிறது, ஒரு கை மட்டும், சவர்க்காரம். விழுவதற்கு இதைவிட நல்ல இடம் வேறு இல்லை. பாசியைத் தேய்த்து எடுங்கள், முதுகும் கையும் உள்ள கதிரை போட்டு இருந்தபடி குளிக்க வையுங்கள், தண்ணீரை வேறொருவர் வார்க்கட்டும் அல்லது உயரமான முக்காலியில் வாளி இருக்கட்டும்.

குந்தும் மலசலகூடம் என்றால் அதன்மேல் வைக்கும் கொமோட் கதிரை வாங்கலாம், சுகமான கைப்பக்கச் சுவரில் ஒரு இரும்புப் பிடி அடிக்கலாம், மேசன் அரை நாளில் முடித்துவிடுவார். சாறத்தைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள் அல்லது அரைக் காற்சட்டை. நிலப்பாயில் படுக்கை வேண்டாம். நிலத்திலிருந்து எழும்புவது கடைசியாக வருகிற திறமை. வாசல் நிலைப்படிக்கு வெள்ளைப் பெயின்ற் ஒரு கோடு. கால்மிதியை எடுத்து எறியுங்கள். இரவில் கட்டிலிலிருந்து மலசலகூடம் போகும் வழியில் ஒரு சின்ன லைற் எரியட்டும்.

மணல் முற்றத்தைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். தொடக்கத்தில் அது பொல்லை விழுங்கும். ஆனால் நிலத்தில் நன்றாக நடக்க வந்த பிறகு அதைவிட நல்ல சமநிலைப் பயிற்சிக் கூடம் வேறில்லை, காலை ஏழு மணிக்கு முன், வெயில் ஏறுவதற்கு முன், ஒருவர் கூடவே.

விழுந்துவிட்டால்?

உடனே தூக்காதீர்கள். தலை அடிபட்டதா, எங்கே நோகிறது என்று கேளுங்கள். இடுப்பில் நோவும், கால் கட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியும் இருந்தால் எலும்பு முறிந்திருக்கலாம், அசைக்காமல் அம்புலன்ஸ் கூப்பிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர் தலையில் அடிபட்டால், நன்றாகக் கதைத்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஒன்றும் இல்லையென்றால் சுகமான பக்கம் திருப்பி, முழங்காலில் நிறுத்தி, முன்னால் கதிரை வைத்து அதைப் பிடித்து எழும்ப விடுங்கள்.

திரும்பும்போது விழுகிறவர்கள் நிறையப் பேர். ஒரு காலில் சுழலாமல், சின்னச் சின்ன அடி வைத்து வட்டமாகத் திரும்பப் பழக்குங்கள்.

எண்ணெய் தேய்த்தால், மசாஜ் மெஷின் வைத்தால் பலம் வராதா? தம்பி நடக்கிற மெஷின் அனுப்பட்டுமா என்று கேட்கிறான்.

எண்ணெய் தேய்ப்பது இதமாக இருக்கும், அதில் எனக்குச் சண்டை இல்லை. கைதடிச் சித்த போதனா வைத்தியசாலைக்குப் போகிறவர்களும் என்னிடம் வருகிறார்கள், இரண்டும் ஒன்றாகப் போகலாம், குளிசைகளை மட்டும் நிற்பாட்டக் கூடாது. ஆனால் படுத்திருக்கிற ஆளின் காலை வேறொருவர் தேய்க்கும்போது அந்த மூளை எதையும் படிப்பதில்லை. ஒரு மணித்தியாலம் தேய்ப்பு, ஐந்து நிமிடம் பயிற்சி என்ற கணக்கைத் தலைகீழாக்குங்கள். ஏலாத தோளை முறுக்கி இழுக்க விடாதீர்கள். உணர்வில்லாத தோலில் சூட்டு ஒத்தடமும் ஆபத்து.

மெஷின் விஷயத்தில் தம்பியின் காசை மிச்சம் பிடிக்க ஒரு செய்தி: அமெரிக்காவில் 408 பேரை வைத்து, உடம்பைக் கயிற்றில் தொங்கவிட்டு நடைமெஷினில் பழக்குவதையும், இயன்மருத்துவர் வீட்டுக்குப் போய்ப் பலத்துக்கும் சமநிலைக்கும் பயிற்சி கொடுப்பதையும் ஒப்பிட்டார்கள். 2011இல் வந்த முடிவு, ஒரு வருடத்தில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. அந்தக் காசில் நல்ல கதிரை, கைப்பிடி, தாங்கி, வீட்டுக்கு வரும் ஆள் எல்லாம் முடியும்.

ஆறு மாதம் தாண்டிவிட்டது. இனிப் பிரயோசனம் இல்லையாமே?

அந்த அமெரிக்க ஆய்விலேயே ஒரு கூட்டத்துக்கு ஆறாவது மாதத்தில்தான் மெஷின் பயிற்சி தொடங்கினார்கள், வருடக் கடைசியில் அவர்களும் மற்றவர்களுக்கு நிகராக வந்தார்கள். வேகம் குறையும், கதவு பூட்டப்படுவதில்லை. இரண்டு வருடமாகக் கட்டிலோடு இருந்த ஒருவரை நான் ஓட விட மாட்டேன், ஆனால் தானாகக் கொமோட்டில் இருந்து எழும்ப வைத்தாலே அந்த வீட்டின் நாள் மாறிவிடும்.

நாங்களே பழகிச் செய்தால் போதாதா?

இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1250 பேரை வைத்து இதைத்தான் பார்த்தார்கள், குடும்பத்தவருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் செய்யச் சொன்னார்கள். 2017இல் வந்த முடிவு ஏமாற்றம், வழக்கமான கவனிப்பைவிட ஆறு மாதத்தில் நிலைமை மேலாக இல்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது: வீட்டுக்காரர் இல்லாமல் ஒன்றும் நடக்காது, வீட்டுக்காரர் மட்டும் போதாது. பயிற்சியைக் கூட்டவும் மாற்றவும் இடையிடையே ஒரு பழகிய கண் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் எங்கே காட்டுவது?

பெரியாஸ்பத்திரியில், அதாவது யாழ் போதனா வைத்தியசாலையில், இயன்மருத்துவப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. வடமராட்சியில் மந்திகை, வலிகாமத்தில் தெல்லிப்பழை, தென்மராட்சியில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகள் உங்களுக்குக் கிட்ட என்றால் முதலில் அங்கே கேளுங்கள். கிழமைக்கு மூன்று தரம் ஓட்டோவுக்குக் கொடுக்கிற காசும் போய்வருகிற களைப்பும் சின்ன விஷயமில்லை. ஊன்றுகோல், சில்லுக்கதிரை, தாங்கி போன்றவற்றுக்கு ஜெய்ப்பூர் நிறுவனத்தில் விசாரிக்கலாம். தனியாக வீட்டுக்கு வருபவர் என்றால் அவர் பதிவுபெற்றவரா என்று கேட்க வெட்கப்படாதீர்கள், என்னையும் கேளுங்கள்.

வாட்டிலிருந்து துண்டு வெட்டும் நாளில் மறக்காமல் கேட்க வேண்டியது: அடுத்த கிளினிக் எப்போது, வீட்டில் செய்யும் பயிற்சி எது. முடிந்தால் அங்கேயே ஒருதரம் நீங்கள் செய்துகாட்டி அவர்கள் திருத்தட்டும்.

அம்மா "எனக்கு ஏலாது, விடுங்கோ" என்று அழுகிறா.

பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது சோம்பலில்லை, மருந்தும் இருக்கிறது, டொக்டரிடம் சொல்லுங்கள். களைப்பும் மெய்யானது. நேற்று நடந்தவர் இன்று ஏலாது என்றால் நம்புங்கள். காலையில் தெம்பு உள்ள நேரத்தில் பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அம்மா எந்தப் பயிற்சிக்கும் எழும்பவில்லை. பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுகிற நேரம் மட்டும் யன்னலால் எட்டிப் பார்ப்பா. மருமகளிடம் சொல்லி முற்றத்து மல்லிகைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டோம், பூவை ஆய அவ எழும்பித்தான் ஆக வேண்டும். முதல் நாள் மூன்று பூ. நான் எண்ணியது பூவையில்லை, எழும்பின தரத்தை.

முன்னேறுகிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விறாந்தையிலோ ஒழுங்கையிலோ பத்து மீற்றர் அளந்து கோடு போடுங்கள். தொடக்கக் கோட்டுக்கு இரண்டு எட்டு முன்பிருந்தே நடக்க விட்டு, அந்தக் கோட்டைத் தாண்டியதும் போனில் நேரத்தைத் தொடங்கி, கடைசிக் கோட்டைத் தாண்டியதும் நிற்பாட்டுங்கள். 25 செக்கனுக்கு மேல் எடுத்தால் வீட்டுக்குள் நடக்கிற நடை, 12 அல்லது 13 செக்கனுக்குள் வந்தால் சந்தைக்குப் போய்வரக்கூடிய நடை, நடுவில் என்றால் கிட்ட உள்ள கடைவரை. கிழமைக்கு ஒருதரம் போதும். இயன்மருத்துவர்கள் 14 சின்னச் செயல்களுக்கு 56 புள்ளி போடுகிற ஒரு சோதனையும் வைத்திருக்கிறோம், கிளினிக்கில் உங்கள் புள்ளி எத்தனை என்று கேட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

எப்போது உடனே நிற்பாட்ட வேண்டும்?

நெஞ்சு நோவு, மூச்சு வாங்கிக் கதைக்க ஏலாமை, தலைச்சுற்று, கண் இருட்டுதல். எழும்பினதும் தலை சுற்றினால் பிரஷர் விழுந்திருக்கலாம், இருத்துங்கள், டொக்டருக்குச் சொல்லுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக நொந்தால் தேய்க்காதீர்கள், குருதிக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள்.

முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் அது இன்னொரு பாரிசவாதம். "கொஞ்சம் படுக்கட்டும் பார்ப்பம்" என்று சொல்ல நேரமில்லை. 1990க்கு எடுங்கள், இலவச அம்புலன்ஸ். அடைப்பைக் கரைக்கும் ஊசி போடுவதானால் தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள்தான் போட முடியும், அதனால் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் கையிலாவது எழுதிக்கொண்டு போங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா?

போகலாம், தேருக்கு வேண்டாம். 25 நாள் இருக்கிறது, சனம் குறைந்த ஒரு காலையைத் தெரிந்தெடுங்கள். வீதியில் மணல் போட்டிருப்பார்கள், செருப்பும் இல்லை, அதாவது தாங்கியும் சப்பாத்தும் கழற்ற வேண்டிவரும். அதனால் ஒரு மாதம் முன்பே முற்றத்து மணலில் வெறுங்காலோடு பழகத் தொடங்குங்கள். அர்ச்சனைத் தட்டை நீங்கள் பிடியுங்கள், அவருடைய சுகமான கை பொல்லுக்கு வேண்டும். மடக்குக் கதிரை ஒன்றும் கொண்டுபோங்கள், களைத்தால் இருக்க. எழும்பும்போது மூக்கு பெருவிரலுக்கு மேலே வரட்டும்.